ஜூன் மழை நாட்டுக்கு, ஐப்பசி மழை எங்களுக்கு

இந்தியான்னா வெயில் நாடு. ஜூன் மாசம் கேரளாவுல பருவமழை இறங்கினா அப்புறம் நாடு முழுக்க மழைக்காலம். நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் படிச்சோம். டி.வி.யிலயும் ஜூன் 1-ஆம் தேதி நெருங்கினா இதையேதான் சொல்றாங்க. ஆனா அந்த ஜூன் மாசத்துல எங்க விருத்தாசலம் பக்கம் வந்து பாருங்க. மேல்காத்து புழுதியை வாரி அடிக்கும். மணிமுத்தாற்றுல மணல்தான் தெரியும். கொட்டை பொறுக்கி முடிச்ச முந்திரிக் கொல்லையில சருகு பறந்துகிட்டு இருக்கும். நாட்டுக்கு அது மழைக்காலம், எங்களுக்குக் கோடையோட வால்.

இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனா ஏரி வெட்டினது, வரி வாங்கினது, பஞ்சம் வந்தது, இன்னைக்கு இருக்கிற பயிர்க்காப்பீடு வரைக்கும் எல்லாத்துலயும் இந்த வித்தியாசம் புகுந்து விளையாடியிருக்கு. யாரோட மழையை வச்சு வருஷத்தைக் கணக்குப் போடுறதுங்கிற கேள்வி ஆயிரம் வருஷமா இங்கே ஓடிக்கிட்டு இருக்கு. நகரத்துல இருக்கிற நண்பர்களுக்காக, படிச்சதையும் வயல்ல பார்த்ததையும் சேர்த்து எழுதுறேன்.

மலை மறைச்ச மழை

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்துகிட்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில மோதுது. மோதின பக்கமே பெரும்பகுதியைக் கொட்டிடுது. மலை ஏறி இறங்கி நம்ம பக்கம் வரும்போது அது காய்ஞ்ச காத்து. ஆடிக்காத்துன்னு சொல்றது அதைத்தான். நமக்கான மழை பின்னாடி வருது. அக்டோபர்ல காத்து திசை மாறி, வங்காள விரிகுடா மேல வரும்போது ஈரத்தை வாங்கிக்கிட்டு, சோழமண்டலக் கரையில கொட்டும். கேரளாவுக்கு ஜூன் 1 எப்படியோ, தமிழ்நாட்டுக் கரைக்கு அக்டோபர் 20 அப்படி. பெரியவங்க வடக்கே இருந்து வர்ற காத்தை வாடைன்னும், கிழக்கே இருந்து வர்றதைக் கொண்டல்னும், தெற்கே இருந்து வர்றதைத் தென்றல்னும், மேற்கே இருந்து வர்றதைக் கோடைன்னும் பிரிச்சு வச்சாங்க. மேல்காத்துக்குக் கோடைன்னு பேர் வச்சதுலயே நம்ம ஊர் வானிலை முழுசா இருக்கு. கேரளாக்காரருக்கு மழை கொண்டு வர்ற காத்து, நமக்கு வெயில் கொண்டு வர்ற காத்து.

கணக்காவே சொல்றேன். நாட்டோட ஒரு வருஷ மழையில முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள்ள பெஞ்சு முடிஞ்சுடுது. அந்த நாலு மாசத்துக்கு நாட்டுச் சராசரி 87 செ.மீ. அதே நாலு மாசத்துல தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிறது 33 செ.மீ. பக்கம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் மூணே மாசத்துல 44 செ.மீ. கிடைக்குது. நம்ம வருஷ மழையில பாதிக்குப் பக்கமா, நாடு மழைக்காலம் முடிஞ்சதுன்னு குடையை மடிச்ச பிறகுதான் பெய்யுது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே எல்லாம் ஒண்ணு இல்லை. வால்பாறை மேல சின்னக்கல்லாறுல தென்மேற்கு கொட்டும். அந்த மலை மறைவுல இருக்கிற கோயம்புத்தூர் சமவெளியில அதே நாள் வெறும் குளிர்ந்த காத்து அடிக்கும். நீலகிரியில மேற்கே கூடலூருக்கும் தேவாலாவுக்கும் தென்மேற்கு, கிழக்கே குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு. கன்னியாகுமரி ரெண்டு மழையும் வாங்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தென்மேற்குக் காலத்து இடிமழை முக்கியம். நாகப்பட்டினமும் ராமநாதபுரமும் ஐப்பசி, கார்த்திகையை நம்பியே இருக்கு. ஒரு மாநிலத்துக்குள்ளேயே இப்படின்னா நாட்டைக் கேட்கவே வேண்டாம். சிரபுஞ்சியில 1860 ஆகஸ்டுல இருந்து 1861 ஜூலைக்குள்ள 26,461 மி.மீ. பெஞ்சிருக்கு. ராஜஸ்தான்ல பலோடியில 2016 மே 19-ல வெயில் 51 டிகிரி. ரெண்டுமே இந்தியாதான்.

எங்க வட்டாரத்துலயே பாருங்க. கடலூர் கரையில இருந்து விருத்தாசலம் சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கு. கடலூர்ல தெருவுல படகு விடுற அளவுக்குக் கொட்டுற அன்னைக்கு, எங்ககிட்ட வாசல் நனைஞ்சதோட நின்னுடும். ஊருக்குக் கிழக்கேயும் வடக்கேயும் செம்மண். முந்திரி, பலா, மல்லாட்டை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதை எங்க பக்கம் மல்லாட்டைன்னு சொல்லுவோம். மணிலாக்கொட்டைங்கிறது தேய்ஞ்சு அப்படி ஆச்சு. மேற்கே போனா கரிசல். செம்மண்ணுல ஒரு உழவு மழை பெஞ்சா மறுநாளே ஏர் பூட்டலாம். கரிசல்ல அதே மழைக்கு நாலஞ்சு நாள் கால் வைக்க முடியாது. ஒரே மேகம், ஒரே மழை, பத்து கிலோமீட்டர் தள்ளி வேற விவசாயம்.

ஆடியில ஏன் விதைக்கிறோம்?

பெருமழை ஐப்பசியிலன்னா, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு ஏன் சொன்னாங்க? நகரத்து நண்பர்கள் இதை அடிக்கடி கேட்பாங்க.

ஆடி, ஆவணி, புரட்டாசியில மாலை நேரத்துல இடியோட வர்ற மழை உண்டு. பகல் வெயில்ல தரை சூடாகி மேகம் திரண்டு பெய்யுறது. வானிலை அறிக்கையில வெப்பச் சலனம்னு சொல்லுவாங்க. அது கொஞ்சம்தான், ஊருக்கு ஊர் விட்டு விட்டுத்தான் பெய்யும். ஆனா மானாவாரி மல்லாட்டைக்கு அந்த மழையே கணக்கு. எங்க பக்கத்துக் கொத்து ரகங்கள் 105, 110 நாள்ல முத்திடும். ஆடி முதல்ல விதைச்சா ஐப்பசி நடுவுக்குள்ள பிடுங்கி, காய் ஆய்ஞ்சு, காயவச்சு, மூட்டை பிடிச்சுடலாம். ஒரு மாசம் தள்ளி விதைச்சா காய் முத்துற நேரமும் பெருமழையும் ஒண்ணா வந்துடும். கொத்து ரகத்துக்கு உறக்கம் கிடையாது. முத்தின காய் ஈரத்துல கிடந்தா மண்ணுக்குள்ளேயே முளை விட்டுடும். அப்புறம் அது எண்ணெய்க்கும் உதவாது, விதைக்கும் உதவாது. எங்க ஊர்லயே இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ.ன்னு பேர் போட்டு ரகம் ரகமா மல்லாட்டையும் முந்திரியும் வெளியிட்டிருக்கு. எந்த ரகம் போட்டாலும் விதைக்கிற நாளை மட்டும் வானம்தான் முடிவு பண்ணுது.

ஆக, ஆடிப்பட்டம்ங்கிறது ஆடி மழையை மட்டும் பார்த்துச் சொன்னது இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்னு பின்னால இருந்து எண்ணிப் பார்த்துச் சொன்னது. மூணு மாசம் தள்ளி வரப்போற மழையை வச்சு இன்னைக்கு விதைக்கிற கணக்கு இது.

மழை மட்டும் இல்லை, வெயிலும் இப்படித்தான். விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பீங்கான்தான் ஞாபகம் வரும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கரைச்சு அச்சுல ஊத்தி, பொம்மையாவும் அகல் விளக்காவும் எடுத்து, காயவச்சு, சூளையில சுடுவாங்க. ஈரம் உள்ளே இருக்கும்போதே சுட்டா வெடிச்சுடும். களிமண்ணை ஊத்துற பிளாஸ்டர் அச்சும் காய்ஞ்சு இருந்தாத்தான் அடுத்த பொம்மையைப் பிடிக்கும். இதுல கொடுமை என்னன்னா, கொலுவுக்கும் தீபாவளிக்கும் கார்த்திகைக்கும்தான் சரக்கு அதிகமா கேட்பாங்க. அகல் விளக்குக்கு நாடு கேட்கிற நேரத்துல எங்க வானத்துல வெயில் இருக்காது. அதனால கோடையிலேயே செஞ்சு காயவச்சு அடுக்கணும். அதுக்குக் கையில முதல் இருக்கணும். விவசாயியும் பீங்கான் தொழிலாளியும் ஒரே வானத்தைப் பார்க்கிறாங்க. ஒருத்தர் மேகத்தைத் தேடுவார், ஒருத்தர் வெயிலைத் தேடுவார்.

ஏரி வெட்டினவங்களோட கணக்கு

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு குணம் உண்டு. அது மாசக்கணக்குல சீராப் பெய்யாது. கடல்ல காத்தழுத்தம் உருவாகி நம்ம கரைக்கு வந்தா நாலு நாள் கொட்டும். அப்புறம் பத்து நாள் வெளிச்சம் விட்டுடும். அந்த மாதிரி நாலஞ்சு முறை வந்தா நல்ல வருஷம். ஒண்ணு ரெண்டோட நின்னா வறட்சி. சில சமயம் மழை கொண்டு வர்றதே புயலா மாறிடும். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு. பண்ருட்டிப் பலாவும் எங்க பக்கத்து முந்திரியும் ஒரு காலைப்பொழுதுல வேரோட சாய்ஞ்சது. தாத்தா காலத்து மரத்துக்குப் பதிலா ஒட்டுக்கன்னு வச்சா நல்ல காய்ப்புக்கு வரவே வருஷங்கள் ஆகும். மழை வேணும்னு கேட்கிற அதே கடல்தான் இதையும் அனுப்புது.

மூட்டையா வர்ற மழையை என்ன பண்றது? பிடிச்சு வைக்கணும். நம்ம முன்னோர்கள் கண்ட பதில் ஏரி. தமிழ்நாட்டுல 39,000-க்கும் மேல ஏரி, குளம் இருக்கு. பத்தாம் நூற்றாண்டுல முதலாம் பராந்தக சோழன் காலத்துல அவர் மகன் ராஜாதித்தன் வெட்டினது எங்க மாவட்டத்து வீராணம். பராந்தகனோட பட்டப்பேரான வீரநாராயணன்தான் வீராணம் ஆச்சு. அதே நூற்றாண்டுலதான் செம்பியன் மாதேவி விருத்தாசலம் கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டினாங்க. கோயிலைப் பார்க்க வர்றவங்க ஏரியைப் பார்க்காம போயிடுறாங்க. ரெண்டும் ஒரே காலத்துப் பெருமைதான்.

வீராணத்துல இன்னொரு சூட்சுமம் இருக்கு. அதுக்கு வடவாறு வழியா கொள்ளிடத்துத் தண்ணி வருது. கொள்ளிடம் காவிரியோட கை. காவிரி குடகு மலையில, தென்மேற்குப் பருவமழையில பிறக்குது. அதாவது நம்ம பக்கம் காய்ஞ்சு கிடக்கிற ஜூலையில குடகுல பெஞ்ச மழையை வாங்கி நிரப்புற ஏரி அது. ஐப்பசியில உள்ளூர் மழையும் சேரும். ரெண்டு பருவத்தையும் ஒரே கரைக்குள்ள கட்டி வச்சிருக்காங்க. 2004-ல இருந்து வீராணத் தண்ணி சென்னைக்கும் போகுது. சென்னையில குழாயைத் திறக்கிற நண்பர்கள் பலர், குடகு மழையைக் கடலூர் மாவட்டத்து ஏரி வழியா குடிக்கிறாங்க.

ஆனா எல்லா ஊருக்கும் காவிரி கிடையாது. எங்க மணிமுத்தாறு கல்வராயன் மலையில பிறந்து வெள்ளாற்றுல சேர்றது. மழை பெஞ்சா வெள்ளம், பெய்யலைன்னா மணல். எங்களுக்கு ஐப்பசி தவறினா அடுத்த ஐப்பசி வரைக்கும் தவறினதுதான்.

பசலி, காரீப், ராபி

பட்டா, சிட்டா, அடங்கல் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? அதுல பசலி 1435-ன்னு ஒரு வருஷம் போட்டிருக்கும். நிறைய பேர் அதை ஏதோ கோப்பு எண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. அது முகலாயர் காலத்து விவசாய வருஷம். பசல்னா விளைச்சல்.

ஹிஜ்ரி வருஷம் சந்திரனை வச்சுப் போறது. சூரிய வருஷத்தைவிடப் பதினோரு நாள் குறைவு. அதை வச்சு வரி கேட்டா, வருஷத்துக்கு வருஷம் வசூல் நாள் முன்னால நகர்ந்து, கடைசியில பயிர் வயல்ல நிக்கும்போதே வரி கட்டச் சொல்ற மாதிரி ஆயிடும். அதனாலதான் அக்பர் விளைச்சலை ஒட்டின சூரியக் கணக்கைக் கொண்டு வந்தார். அரசாங்கக் கணக்கைப் பயிருக்குத் தகுந்த மாதிரி மாத்தினது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. அது தெற்கே வந்து, ஆங்கிலேயர் காலத்துல ஜூலை 1-ல ஆரம்பிக்கிற வருஷமா நிலைச்சது. முகலாயரும் போயாச்சு, வெள்ளைக்காரனும் போயாச்சு. பசலி மட்டும் நம்ம கிராம நிர்வாக அலுவலர் கையில இன்னும் இருக்கு. ஒவ்வொரு பசலி முடியும்போதும் தாலுக்கா ஆபீஸ்ல ஜமாபந்தி நடக்குது.

வடக்கே இருந்து வந்த இன்னும் ரெண்டு வார்த்தை காரீப், ராபி. அங்கே ஜூன் மழையில விதைச்சு அக்டோபர் வாக்குல அறுக்கிறது காரீப். மழை முடிஞ்சு, குளிர்ல கோதுமை விதைச்சு வசந்தத்துல அறுக்கிறது ராபி. பஞ்சாபுக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் அளவெடுத்துத் தைச்ச சட்டை. நமக்குப் போட்டா கை ஒரு பக்கம் இறுக்கும், கழுத்து ஒரு பக்கம் தொங்கும். நம்ம சம்பா ஆவணியில நாற்றுவிட்டுத் தையில அறுக்கிறது. காரீப்பும் இல்லை, ராபியும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல படுத்துக் கிடக்கு.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில பாருங்க. இதே வடகிழக்கு மழையில விளையுறதைப் பெரும்போகம்னு சொல்றாங்க. நாட்டோட தலையாய பருவமே அதுதான். சிங்களத்துல மகா. தென்மேற்குக் காலத்துல விளையுறது சிறுபோகம். அங்கே பெருசுன்னு பேர் வாங்கின மழை, இங்கே நாட்டுக் கணக்குல பின்குறிப்பு மாதிரி ஆயிடுச்சு.

மழையை அளந்த கதை

ஊருக்கு ஊர் மழை வேறங்கிறதைப் பழங்காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. கௌடில்யரோட அர்த்தசாஸ்திரத்துல, களஞ்சியத்துக்கு முன்னாடி ஒரு பாத்திரத்தை வச்சு மழையை அளக்கச் சொல்லியிருக்கு. வறண்ட நாட்டுக்கு இத்தனை துரோணம், அவந்திக்கு 23 துரோணம், கொங்கணப் பக்கம் அளவே இல்லைன்னு பட்டியலும் இருக்கு. வரி போடுறவனுக்கு எந்த ஊர்ல எவ்வளவு பெய்யும்னு தெரிஞ்சாகணும்ங்கிற அறிவு அது.

நம்ம காலத்துக் கருவிகளோட கதை சென்னையில ஆரம்பிக்குது. 1792-ல கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்துல வானாய்வுக்கூடம் கட்டுச்சு. கொஞ்ச வருஷத்துல அங்கே வெப்பம், மழைன்னு வானிலைக் குறிப்பும் எடுக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அந்த வளாகத்துலதான் மண்டல வானிலை மையம் இருக்கு. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழியில எழுதின கருங்கல் தூண் அங்கே நிக்குது. சென்னையில இருக்கிறவங்க கல்லூரிச் சாலையில போகும்போது நினைச்சுக்குங்க.

1864-ல கல்கத்தாவைப் புயல் அடிச்சது, அப்புறம் 1866-லயும் 1871-லயும் பருவமழை பொய்ச்சது. இதுக்கெல்லாம் பிறகு 1875-ல இந்திய வானிலைத் துறை பிறந்தது. ஹென்றி பிளான்போர்டு முதல் தலைவர். துறை உட்கார்ந்து மூச்சு விடுறதுக்குள்ள, 1876-ல தென்னிந்தியாவுக்குத் தென்மேற்கும் தவறிச்சு, வடகிழக்கும் தவறிச்சு. அதுதான் தாது வருஷப் பஞ்சம். லட்சம் லட்சமா ஜனங்க செத்தாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல எத்தனையோ பேர் கப்பல் ஏறி இலங்கைத் தோட்டத்துக்கும் வேற தீவுகளுக்கும் போனாங்க. எங்க பக்கத்துக் கிழவிங்க யாராவது ரொம்ப ஆலாப் பறந்து சாப்பிட்டா, "தாது வருஷத்துல பொறந்தவனா நீ?"ன்னு கேட்பாங்க. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது அது வசவுன்னு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு பருவமழையை முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு தேட ஆரம்பிச்சாங்க. 1904-ல இருந்து 1924 வரைக்கும் துறைத்தலைவரா இருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்த ராமானுஜத்தோட கணக்கைப் பார்த்துட்டு, இவருக்கு உதவணும்னு பரிந்துரை செஞ்சவர்கள்ல அவரும் ஒருத்தர். உலகம் முழுக்க வானிலைப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, பசிபிக் கடல்பக்கம் காத்தழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், அங்கே இறங்கினா இங்கே ஏறும்னு ஏற்றம் இறைக்கிற மாதிரி ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு எல் நினோ, லா நினான்னு பேசுறதெல்லாம் அதோட சேர்ந்ததுதான்.

எல் நினோ வந்தா மழை குறையும்னு பேப்பர்ல போடுவாங்க. நாட்டுக்கு அது பெரும்பாலும் சரி, தென்மேற்கு பலவீனமாகும். ஆனா நம்ம வடகிழக்கு மழை பெரும்பாலும் எல் நினோ வருஷத்துல கூடத்தான் செய்யும். நாட்டுக்குக் கெட்ட செய்தி நமக்கு நல்ல செய்தியாகவும், நாட்டுக்கு நல்ல செய்தி நமக்குக் கெட்ட செய்தியாகவும் மாறுற இடம் இது.

ரெண்டு வருஷம், ரெண்டு கணக்கு

2015-ல பெரிய எல் நினோ. நாட்டுல தென்மேற்கு மழை சராசரியில 86 சதவீதம்தான். வறட்சின்னு டெல்லியில பேச்சு. அதே வருஷம் நவம்பர்ல நெய்வேலியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல பெஞ்சது. கடலூர் மாவட்டம் மிதந்தது. டிசம்பர் முதல் வாரம் சென்னை மூழ்கினது உங்களுக்கே தெரியும்.

2016-ல நாட்டுக்கு 97 சதவீத மழை. இயல்பான பருவமழைன்னு நல்ல செய்தி. இங்கே அக்டோபர் வந்தது, நவம்பர் வந்தது, மேகம் வரலை. மூணு மாசத்துல தமிழ்நாட்டுக்கு 62 சதவீதம் மழை குறைஞ்சது. 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்தது கிடையாது. அந்த 1876-தான் தாது வருஷம். இதுல நகரத்து நண்பர்களுக்கு ஒரு குழப்பம். டிசம்பர் 12-ல சென்னையை வர்தா புயல் அடிச்சது, மரமெல்லாம் சாய்ஞ்சது. அதனால அந்த வருஷம் நல்ல மழைன்னு இன்னைக்கும் பலர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த ஒரு நாளைத் தள்ளிட்டா சென்னைக்குமே பஞ்சம்தான். எங்களுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது.

எங்க ஊர்ல அந்த வருஷம் சம்பா நட்டவங்க கிணத்துத் தண்ணியை நம்பிக் காப்பாத்தப் பார்த்தோம். மார்கழியில கிணறு தூர் தெரிஞ்சது. கதிர் வெளிய வர்ற நேரத்துல பயிர் சருகாச்சு. எனக்கும் ஒண்ணேகால் ஏக்கர் மாட்டுக்குத்தான் ஆச்சு. நிவாரணம் பத்திக் கேட்கப் போன ஒரு அலுவலகத்துல இருந்தவர், "இந்த வருஷம் மழை நார்மல்னு நியூஸ்ல சொன்னாங்களேய்யா, உங்களுக்கு மட்டும் எப்படி வறட்சி?"ன்னு கேட்டார். கோபத்துல கேட்கலை, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டார். அவர் பார்த்தது ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குமான கணக்கு. எங்க பயிர் நின்னது அக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும்.

2017 ஜனவரியில மாநிலத்தையே வறட்சி பாதிச்சதா அரசு அறிவிச்சது. மார்ச்சுல தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டை ஓட்டோட டெல்லி ஜந்தர் மந்தர்ல போய் உட்கார்ந்தாங்க. அதைப் பார்த்துச் சிரிச்சவங்களும் உண்டு, நாடகம்னு சொன்னவங்களும் உண்டு. நாடு முழுக்க நல்ல மழை பெஞ்ச வருஷத்துல, இது ஒரு மூலையில இருந்து வந்த ஆளுங்க வறட்சின்னு சொன்னா யார் நம்புவாங்க? முதல்ல எங்களுக்கு மழைக்காலம் வேறன்னு புரியவைக்கணும், அப்புறம்தான் மழை பெய்யலைன்னு புரியவைக்க முடியும்.

மூணாவது பெட்டி

2016-ல பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டம் வந்தது. நாட்டுக்கு காரீப், ராபின்னு ரெண்டு பருவம். நம்ம மாநிலத்துல சம்பாவையும் தாளடியையும் அந்த ரெண்டுலயும் போட முடியாம, சிறப்புப் பருவம்னு மூணாவதா ஒண்ணு போட்டிருக்காங்க. நம்ம மாநிலத்துல அதிகப் பரப்புல விளையுற நெல்லுக்குச் சிறப்புன்னு பேர். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைச் சிறப்பு விருந்தினர்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு. ஆனாலும் அந்த மூணாவது பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஹிஜ்ரி வருஷம் பயிருக்குப் பொருந்தலைன்னு பசலி வந்த மாதிரி, காரீப்பும் ராபியும் சம்பாவுக்குப் பொருந்தலைன்னு ஒரு காலத்துல யாரோ ஒத்துக்கிட்டதோட அடையாளம் அது. கணக்கு மண்ணுக்கு இறங்கி வரணும். மண்ணு கணக்குக்கு ஏறிப் போகாது.

இன்னும் மாற வேண்டியது நிறைய இருக்கு. ஏப்ரல்ல தென்மேற்குக் கணிப்பு வந்தா பங்குச்சந்தை வரைக்கும் பேசுது. ஐப்பசி மழைக் கணிப்பைப் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசுறதில்லை. விதைக்கடன், உரம், ஏரி தூர் வார்ற வேலை எல்லாம் எங்க மழைக்கு முன்னாடி முடிஞ்சாகணும். புரட்டாசி கடைசியில பொக்லைன் கொண்டு வந்து ஏரியில இறக்கினா, அதுக்குள்ள தண்ணி வந்து நிக்கும்.

நகரத்துல இருக்கிற நீங்க செய்யுறதுக்கும் ஒண்ணு இருக்கு. செப்டம்பர் கடைசியில "நாட்டில் இயல்பான பருவமழை"ன்னு செய்தி வரும். அதைப் படிச்சுட்டு விவசாயிக்கு இந்த வருஷம் நல்ல காலம்னு முடிவு கட்டிடாதீங்க. எந்த மாசம், எந்த ஊருன்னு கேளுங்க. தமிழ்நாட்டு நிலவரம் தெரியணும்னா பொங்கலுக்கு முன்னாடி வர்ற அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான கணக்கைப் பாருங்க. உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியும், கார்த்திகைக்கு ஏத்துற அகல் விளக்கும், தட்டுல விழுற சோறும் அந்தக் கணக்குலதான் இருக்கு.